நான்கு வயதாகியும் எழுத்து சொல்லித்தராத பள்ளி: தொடரலாமா, மாற்றலாமா?

நிலாஅம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், இன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேள்வி கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு நான்கு வயது மூன்று மாதம். ஏழு மாதமாக ஒரு பள்ளிக்குப் போகிறாள். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான். நோட்டு கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது. காலையில் சந்தோஷமாகப் போகிறாள், சந்தோஷமாக வருகிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிரச்சினை வீட்டில்தான். என் நாத்தனார் மகனுக்கும் இவளுக்கும் இரண்டு வாரம்தான் வித்தியாசம், அவன் போவது வேறு பள்ளி. நூறு வரை எண்ணுகிறான், உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதிக் காட்டுகிறான். போன வாரம் எல்லாரும் கூடியிருந்தபோது என் மாமியார் இவளிடம் பென்சிலைக் கொடுத்து, "நீயும் ஒரு அ எழுதும்மா, பார்க்கலாம்" என்றார்கள். இவள் பென்சிலை வாங்கிப் பெரிய வட்டம் ஒன்று போட்டுவிட்டு, "இது குளம், உள்ள தவளை தூங்குது" என்றாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவுதான் பேச்சு வந்தது, விளையாட வைக்கவா பணம் கட்டிப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று. என் கணவரும் இப்போது பாதி மனதாகத்தான் இருக்கிறார்.

சரி, நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று பள்ளியில் அனுமதி வாங்கி ஒரு காலை முழுக்க அறையின் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்தாள். அதில் இரண்டு சின்ன ஜாடி, ஒன்றில் தண்ணீர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுகிறாள். சிந்துகிறது. எழுந்து போய்த் துணி எடுத்துவந்து துடைக்கிறாள், துணியைப் பிழிந்து காயப் போடுகிறாள், வந்து மறுபடியும் ஊற்றுகிறாள். பதினொரு முறை எண்ணினேன். "பார்த்தும்மா, சிந்துது" என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. டீச்சர் நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் இவள் தட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

வீட்டில் ஐந்து நிமிடம் ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை இவ்வளவு நேரம் ஒன்றையே செய்தாளே என்று ஒரு பக்கம் ஆச்சரியம். தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ளவா பள்ளிக்கூடம் என்று இன்னொரு பக்கம் பயம். இது நல்ல பள்ளியா, இல்லை பிள்ளைகளைச் சும்மா விட்டுவைக்கிற இடமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தை எப்போது தொடங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

களிமண் எழுதியது:

நிலாஅம்மா, பத்தொன்பது வருடமாக மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். உங்கள் பதிவில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த டீச்சர் கையில் இருந்த நோட்டு. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் தண்ணீர்.

ஜாடியைச் சாய்க்கிற மணிக்கட்டும் துணியைப் பிழிகிற விரல்களும்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகின்றன. நிரம்பப் போகிறது என்று கண் சொல்லும்போது கையை நிறுத்துவது நான்கு வயதுக்குப் பெரிய வேலை. எடுத்து, செய்து, துடைத்து, எடுத்த இடத்தில் வைப்பது வரை நீளமான ஒரு வரிசையை யாரும் சொல்லாமல் மனதில் வைத்திருக்கிறாள். அதுவும் அந்தப் பதினொரு முறையில் அடக்கம்.

பிள்ளைகள் தாங்களே எடுத்துச் செய்து கற்கிற ஒரு பள்ளி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அடிப்படையில் ஒரு மருத்துவர். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாத பிள்ளைகளுக்காகத் தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். அங்கே மூன்று வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி மர உருளைகளை அவற்றுக்கான குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றியுள்ள பிள்ளைகளைப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார், உருளைகளை மடியில் இறுக்கிக்கொண்டு அங்கேயும் அதையே செய்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள், களைப்பே தெரியவில்லை. அதைப் பார்த்ததிலிருந்துதான் அவருடைய முறையின் பெரும்பகுதி வளர்ந்தது. அதனால் நீங்கள் மூலையில் உட்கார்ந்து பதினொன்று வரை எண்ணியது வீண் வேலை இல்லை.

அந்த உருளைக் கட்டையில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒன்றைத் தப்பாக வைத்தால் கடைசியில் ஒரு உருளை எந்தக் குழியிலும் சேராமல் மிஞ்சும், யாரும் "தப்பு" என்று சொல்லத் தேவையில்லை. உங்கள் மகளுக்குச் சிந்திய தண்ணீர் அந்த வேலையைச் செய்கிறது. அன்று நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு நன்றி.

இப்போது எழுத்து. இங்கேதான் பலருக்கும் குழப்பம். நோட்டு இல்லாத பள்ளி என்றாலே எழுத்து கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். மாண்டிசோரி முறையில் எழுத்து சீக்கிரமே வரும், ஆனால் பென்சில் வழியாக வராது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை இரண்டு விரலால் தடவி, அதன் ஒலியைச் சொல்லி, மூன்றரை நான்கு வயதில் தொடங்கிவிடுவார்கள். வால்டார்ஃப் என்று இன்னொரு பள்ளி முறை உண்டு, அதன் வழி வேறு. அது 1919இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ருடால்ஃப் ஸ்டைனர் தொடங்கியது. அங்கே ஏறக்குறைய ஏழு வயது வரை கதை, பாட்டு, கைவேலை, விளையாட்டு, அவ்வளவுதான். இரண்டும் 'மாற்றுக் கல்வி' என்ற ஒரே பெயரில்தான் புழங்குகின்றன. அதனால் பள்ளியில் நேராகக் கேளுங்கள்: நீங்கள் போவது எந்த வழி, என் மகள் உப்புத்தாள் எழுத்தைத் தொட்டிருக்கிறாளா, எதுவரை வந்திருக்கிறாள்? உங்கள் வர்ணனையில் ஜாடி, தட்டு, கலந்த வயது எல்லாம் இருப்பதால் மாண்டிசோரி வழியாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் உங்கள் மகளுக்கே சில எழுத்துகளின் ஒலி தெரிந்திருக்கலாம், பென்சிலைக் கொடுத்துக் கேட்டதால் வெளியே வராமல் இருந்திருக்கலாம்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மாண்டிசோரி பள்ளி ஒன்றில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்த பிள்ளைகளையும், அதே குலுக்கலில் இடம் கிடைக்காமல் வேறு பள்ளிகளுக்குப் போனவர்களையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வு வந்தது. குலுக்கல் என்பதால் 'அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள்தான் அங்கே போகிறார்கள்' என்ற வாதம் எடுபடாது. ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் மாண்டிசோரி பிள்ளைகள்தான் முன்னே இருந்தார்கள், விளையாட்டு மைதானத்தில் ஒருவரோடொருவர் பழகுவதிலும்கூட. பன்னிரண்டு வயதில் அந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக அந்த நோட்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பின்வாங்கிய ஜெர்மன் படை விட்டுப்போன பீரங்கி வண்டி, லாரிகள், குதிரைகளை விற்ற பணத்தில் ஊர்க்காரர்களே தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்ஸி அவர்களோடு சேர்ந்துகொண்டார். அங்கிருந்து வளர்ந்த முறையில் டீச்சரின் முக்கிய வேலையே பிள்ளைகள் பேசுவதை அப்படியே எழுதிவைப்பது, படம் எடுப்பது, மற்ற டீச்சர்களோடு உட்கார்ந்து அதைப் படித்து நாளைக்கு என்ன செய்யலாம் என்று முடிவு செய்வது.

ஒருமுறை என் அறையில் நிழல் பற்றிய வேலை ஓடியது. ஒரு பையன் காலையில் தன் நிழலைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடச் சொன்னான். மதியம் அதே இடத்தில் வந்து நின்றால் நிழல் கோட்டுக்குள் இல்லை. "நான் நகரவே இல்ல, அதுதான் நகர்ந்துருச்சு" என்று அழுகையே வந்துவிட்டது. சூரியனைப் பற்றி அப்போதே நான் விளக்கியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அதை எழுதிவைத்ததால் அடுத்த நாள் ஒவ்வொரு மணிக்கும் கோடு போட்டோம், மூன்று வாரம் போனது. அந்தக் கோடுகளை அளக்க நூல் வந்தது, நூலை எண்ண எண் வந்தது, யாருடைய கோடு என்று அடையாளம் வைக்கப் பெயர் எழுதத் தொடங்கினார்கள்.

அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் மகளைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துக் காட்டினால், இது நல்ல பள்ளியா என்ற உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கதவோரம் எழுதியது:

களிமண் அவர்கள் சொல்வது அத்தனையும் சரி, எல்லா இடத்திலும் அப்படி இருந்தால். நான் சொல்லப்போவது நடந்த கதை, பள்ளியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.

என் மகனை மூன்று வயதில் இதே மாதிரி ஒரு இடத்தில் சேர்த்தோம். வாசலில் மாண்டிசோரி என்று பெரிய எழுத்தில் இருந்தது, அலமாரி நிறைய அழகழகான மரச் சாமான்கள் இருந்தன. இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டீச்சர், உதவிக்கு ஒரு பெண். "குழந்தை எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அதுதான் அதன் பாடம், நாங்கள் தலையிட மாட்டோம்" என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. என் மகன் மூலையில் ஒரு மர ரயிலோடு உட்கார்ந்துவிட்டான். ஒரு வருடத்துக்கு மேல் அந்த ரயில்தான். கேட்டால் "அவனுக்கு அதில் ஆர்வம்" என்பார்கள், நாங்களும் நம்பினோம்.

வேறு பள்ளிக்கு மாற்றிய இரண்டாவது வாரமே அங்கிருந்த டீச்சர் கூப்பிட்டு, "பின்னாலிருந்து கூப்பிட்டால் உங்கள் பையன் திரும்புவதில்லை, காதைப் பரிசோதித்துவிடுங்கள்" என்றார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. கதை நேரத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று சரியாகக் கேட்காத பிள்ளை, தனியாக விளையாடக்கூடிய ஒரு சாமானோடு ஒதுங்கிப் போயிருக்கிறான். அதைத்தான் ஆர்வம் என்றார்கள். சிகிச்சை முடிந்து இப்போது நன்றாக இருக்கிறான், ஆனால் பேச்சைச் சரிக்கட்ட இரண்டு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1967லேயே அது பொதுப்பெயர், தனிப்பட்ட யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று முடிவாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். பலகையை விட்டுவிட்டு இதைப் பாருங்கள்: டீச்சர் எங்கே, எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார்? காலையில் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து இரண்டரை மூன்று மணி நேரம் கிடைக்கிறதா, இல்லை அரை மணிக்கு ஒரு மணி அடித்து எழுப்புகிறார்களா? ஒரு பிள்ளை ஒரே சாமானைவிட்டு நகராமல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "விட்டுவிடுவோம்" என்று மட்டும் பதில் வந்தால் யோசியுங்கள்.

முதல்வகுப்பு எழுதியது:

இந்தப் பிள்ளைகள் எல்லாரும் கடைசியில் வந்து சேர்வது என்னிடம்தான். ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். விளையாட்டுவழிப் பள்ளியிலிருந்து வருபவர்கள், நோட்டு நோட்டாக எழுதிவிட்டு வருபவர்கள், எங்கும் போகாமல் நேராக வருபவர்கள், மூன்று விதமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

முதல் மாதத்தில் எழுதத் தெரிந்த பிள்ளை முன்னே தெரியும், அது உண்மை. ஆனால் நூறு வரை சொல்கிற பிள்ளையிடம் ஏழு குச்சி எடுத்துக் கொடு என்றால் பலரும் கை நிறைய அள்ளுவார்கள். அது எண் இல்லை, பாட்டு மாதிரி மனப்பாடம். 'அ' வையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்துகளில் கைக்குச் சிரமமானவற்றில் அதுவும் ஒன்று. சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், திரும்பி வந்து நேர்க்கோடு இழுக்க வேண்டும். நெடுங்கணக்கில் முதலில் இருப்பதால் கைக்கும் அதுதான் முதலில் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ட, ப, ம என்று பெரும்பாலும் நேர்க்கோடுகளாலான எழுத்தில் தொடங்கினால் நான்கு வயதுக் கையும் பழகிவிடும். சின்ன வயதிலேயே 'அ' வை அமுக்கி அமுக்கி எழுதிய பிள்ளைகளில் சிலர் பென்சிலை ஐந்து விரலாலும் முஷ்டி மாதிரி பிடிப்பார்கள், அதை மாற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

நான் முதல் வாரத்தில் பார்ப்பது வேறு. பத்து நிமிடக் கதையைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லத் தெரிகிறதா. தெரியாததைத் 'தெரியவில்லை, சொல்லிக்கொடுங்க' என்று கேட்கத் தெரிகிறதா. 'படம்', 'பாடம்' இரண்டையும் சொன்னால் வித்தியாசம் காதில் விழுகிறதா. 'மரம்' எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது என்றால் 'ம' என்று வருகிறதா. இவை இருந்தால் எழுத்து எனக்கு நான்கைந்து மாத வேலை.

நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் என்பவர் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும், ஸ்டைனர் பள்ளிகளில் (மேலே சொன்ன வால்டார்ஃப் வழிதான்) ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார். பதினோரு வயது வாக்கில் வாசிப்பில் இரண்டு பேருக்கும் இடையே வித்தியாசம் காணவில்லை. அதனால் நாத்தனார் மகனைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஆனால் களிமண் அவர்களோடு எனக்கு ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நூல் வந்தது, எண் வந்தது, பெயர் எழுதத் தொடங்கினார்கள் என்று சொல்லும்போது எல்லாமே தானாக வரும் என்று கேட்கிறவர்களுக்குத் தோன்றும். பேச்சு தானாக வரும். வாசிப்பு வராது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை யாராவது ஒழுங்காக, வரிசையாகச் சொல்லித்தந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1960களின் கடைசியில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பலவகைக் கற்பித்தல் முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பெரிய திட்டம் ஒன்று நடந்தது. அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் முன்னே வந்தது நேரடியாகச் சொல்லித்தரும் முறை. வீட்டில் புத்தகம் இருக்கிற, அம்மா அப்பா கதை சொல்கிற பிள்ளை எந்தப் பள்ளியில் போட்டாலும் எப்படியோ பிடித்துக்கொள்ளும். அது இல்லாத பிள்ளைக்கு, 'அதற்கான நேரம் வரும்' என்று காத்திருந்தால் நேரம் போவதுதான் மிச்சம். வாசிப்பதில் உண்மையிலேயே சிரமம் உள்ள பிள்ளையும் அந்தக் காத்திருப்பில் மறைந்துபோகும். கதவோரம் அவர்களின் மகன் ரயிலுக்குப் பின்னால் மறைந்த மாதிரி.

களிமண் எழுதியது:

முதல்வகுப்பு டீச்சர், ஒத்துக்கொள்கிறேன், நான் அவசரத்தில் எழுதிவிட்டேன். பெயர் எழுதத் தொடங்கினார்கள் என்றால் அதற்கு முந்தைய எட்டு மாதம் நான் ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்து எழுத்தட்டை காட்டியிருக்கிறேன். 'இது ம', 'எது ம, காட்டு', 'இது என்ன' என்று மூன்று படி உண்டு. மூன்றாவதில் தடுமாறினால் திருத்தாமல் முதல் படிக்குத் திரும்பிவிடுவோம். அதுவும் நேரடிக் கற்பித்தல்தான், ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்று நடப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

நிலாஅம்மா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கதவோரம் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை. பள்ளியில் வியாழக்கிழமை பேசப் போகிறேன், போய்வந்து எழுதுகிறேன்.

அதற்குள் இன்னொன்று. மாமியார் ஒரு யோசனை சொல்லிவிட்டு அதைத் தொடங்கியும்விட்டார்கள். தினமும் ஒரு எழுத்து எழுதினால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் ஒரு பொம்மை. மூன்று நாளாக நடக்கிறது. இவளும் ஆசையாகத்தான் எழுதுகிறாள். ஆனால் இதுவரை தானாகவே தினமும் எதையாவது வரைந்துகொண்டிருப்பாள், இப்போது "வரைஞ்சா ஸ்டிக்கர் உண்டா" என்று கேட்கிறாள். பெரியவர்கள் ஆசையாகச் செய்வதை எப்படி வேண்டாம் என்பது?

தும்பி எழுதியது:

அந்தக் கேள்விதான் முக்கியம், நிலாஅம்மா. நான் குழந்தை உளவியல் படித்தவள், இரண்டு பிள்ளைகளின் அம்மாவும்கூட.

நீங்கள் வீட்டில் பார்த்ததை 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஒரு மழலையர் பள்ளியில் பரிசோதித்திருக்கிறார்கள். வண்ணப் பேனாவால் வரைவது என்றால் உயிரை விடுகிற பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் தங்க முத்திரை ஒட்டிய பரிசுச் சான்றிதழ் தருவோம்' என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து வகுப்பில் சும்மா பேனாவையும் தாளையும் வைத்துவிட்டு யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று ஒளிந்திருந்து கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த குழு மற்ற இரண்டு குழுவில் ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. ஏற்கெனவே பிடித்துச் செய்கிற ஒன்றுக்கு விலை பேசினால் அது வேலையாகிவிடுகிறது.

அதனால் மாமியாரிடம் பரிசு வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, கணக்கை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். தோன்றும்போது தரட்டும், எழுதியதற்காக என்று சொல்லாமல் தரட்டும். அதைவிட நல்லது, அவர்களுக்கு வேறு ஒரு வேலை கொடுப்பது. முதல்வகுப்பு டீச்சர் சொன்ன அந்த ஒலி விளையாட்டுக்குப் பாட்டியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 'நான் நினைக்கிற பொருள் க வில் தொடங்கும், இந்த அறையில்தான் இருக்கு, என்ன சொல்லு?' அவ்வளவுதான். பென்சில் வேண்டாம், நடந்துகொண்டே விளையாடலாம், பெரியவர்களுக்கும் சொல்லித்தந்த திருப்தி கிடைக்கும்.

சொல்லித்தருவதா சும்மா விடுவதா என்று மேலே நடந்த பேச்சுக்கும் ஒரு ஆய்வு நினைவுக்கு வந்தது, 2011இல் எலிசபெத் பொனாவிட்ஸ் குழுவினர் செய்தது. குழாய்களாலான விசித்திரமான ஒரு பொம்மை, அதில் நான்கு ரகசியம். ஒன்றை இழுத்தால் கீச்சென்று சத்தம், இன்னொன்றில் விளக்கு, இன்னொன்றில் இசை, ஒரு குழாய்க்குள் கண்ணாடி. சில பிள்ளைகளுக்கு 'இது இப்படித்தான் வேலை செய்யும், பார்' என்று கீச்சுச் சத்தத்தை மட்டும் செய்துகாட்டினார்கள். சிலருக்கு அதே சத்தத்தைத் தற்செயலாக வந்ததுபோல் காட்டினார்கள், சிலருக்கு ஒன்றும் காட்டவில்லை. சொல்லித்தரப்பட்ட பிள்ளைகள் கீச்சுச் சத்தத்தைச் சரியாகச் செய்தார்கள், ஆனால் மற்ற மூன்றையும் தேடியது குறைவு. டீச்சர் காட்டியது இவ்வளவுதான் என்றால் இருப்பதும் இவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அவர்கள் பக்கத்தில் அது நியாயமான முடிவும்கூட. எழுத்து-ஒலி மாதிரி தேடிக் கண்டுபிடிக்க முடியாத விஷயத்துக்குக் கீச்சுச் சத்தம்போல நேராகக் காட்டிவிட வேண்டும். தண்ணீர், நிழல், மணல், கட்டை இவற்றை விட்டுவிட வேண்டும், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எனக்கு இரண்டு டீச்சர்களும் சொல்வது ஒன்றாகத்தான் தெரிகிறது.

நிலாஅம்மா எழுதியது:

வியாழக்கிழமை போய்வந்தேன். தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

நோட்டைக் கேட்டேன். டீச்சர் தயங்காமல் எடுத்துக் காட்டினார். என் மகளுக்கென்று தனியாகப் பதினாறு பக்கம். நான் போயிருந்த நாளுக்கு இப்படி இருந்தது: 'ஊற்றுதல், ஒன்பது முறை.' (நான் பதினொன்று என்று எண்ணினேன், யார் சரியோ தெரியாது.) 'நான்காவது முறையில் இடது கையை ஜாடிக்கு அடியில் கொடுத்தாள், அதன்பின் சிந்தியது குறைவு. அம்மா வந்திருப்பதால் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. நாளைக்குச் சின்ன வாயுள்ள ஜாடி வைக்கலாம்.' அந்த இடது கையை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்திலேயே இருந்தேன், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

எழுத்தைப் பற்றிக் கேட்டதும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மாண்டிசோரி வழிதான். உப்புத்தாள் எழுத்தில் ஏழு வந்திருக்கிறது, ட, ப, ம, க, ர, ல, ச. கூட்டி வாசிக்க இன்னும் தொடங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு தட்டில் கொஞ்சம் மணலைப் பரப்பி இவள் முன்னால் வைத்தேன், ஒன்றும் சொல்லவில்லை. விரலால் ஒரு 'ப' போட்டாள், அழித்தாள், ஒரு 'ம' போட்டாள். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "இது எப்ப கத்துக்கிட்ட?" என்று இவளிடமே உட்கார்ந்து கேட்டார்கள். ஸ்டிக்கர் அட்டை இன்னும் சுவரில்தான் இருக்கிறது, அதை எடுக்கச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆனால் 'நான் நினைக்கிற பொருள்' விளையாட்டு நேற்று இரவு விளக்கை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் இங்கேயே தொடர்வது என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்று மாதம் கழித்து மறுபடியும் நோட்டைப் பார்க்க வரலாம் என்று டீச்சரே சொன்னார். கதவோரம் அண்ணா, வகுப்பில் கூப்பிட்டால் திரும்புகிறாள் என்று அவர் சொன்னாலும், மனசு கேட்கவில்லை. செவித்திறன் பரிசோதனைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம்.